பத்து நாள், ஒன்பது ஊர்: ஜப்பான் பயணத்தில் எதை விடுவது?

நண்பர் கேட்டிருப்பது இது. ஏப்ரல் முதல் வாரத்தில் மனைவி, 9 வயது மகன், 68 வயது அம்மா ஆகியோருடன் பத்து நாள் பயணமாக ஜப்பானுக்குப் போகிறார். டோக்கியோ, நிக்கோ, ஹகோனே, கனாசாவா, தகாயாமா, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா என்று ஒன்பது ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. முட்டைகூடத் தொடாத சைவம். எந்த ஊரில் எதைப் பார்ப்பது, ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் ரயில்வேயில் குறிப்பிட்ட நாட்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் பயணச்சீட்டு) வாங்கலாமா என்று கேட்கிறார். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அவரிடமே இருக்கிறது. அதில் எவற்றை மனவருத்தம் இல்லாமல் அடித்துவிடலாம் என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. ஒசாகாவுக்குப் பக்கத்தில் பல ஆண்டுகள் பொறியாளராக வேலை பார்த்தவன். ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களின் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு சுற்றியதில் கிடைத்த அனுபவம்தான் என் மூலதனம். கியோட்டோ, ஒசாகா, நாரா வட்டாரம் எனக்குக் கைவந்த இடம். டோக்கியோ, அடிக்கடி போய்வந்த அளவில் தெரியும். வடக்கே ஹொக்கைடோ, தெற்கே ஒகினாவா பக்கம் நான் வாய்திறக்கப் போவதில்லை.

நேராகச் சொல்லிவிடுகிறேன்: நிக்கோ, ஹகோனே, கனாசாவா, தகாயாமா நான்கையும் அடித்துவிடுங்கள். டோக்கியோவில் நான்கு இரவு, கியோட்டோவில் ஐந்து இரவு. நாராவுக்கும் ஒசாகாவுக்கும் கியோட்டோவிலிருந்தே போய் வரலாம். ஹிரோஷிமா உங்கள் விருப்பம். அதோடு, டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்பும்படி விமான டிக்கெட் எடுங்கள். போன வழியே டோக்கியோவுக்குத் திரும்பினால் அரை நாளும், ஆளுக்குச் சுமார் 14,000 யென்னும் வீண். கன்சாயிலிருந்து புறப்படும் டிக்கெட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பெரும்பாலும் இதுவே லாபம்.

நான்கு ஊர்களை இப்படி ஒரே வீச்சில் வெட்டுவதற்குக் காரணம் தூரம் இல்லை. ரயில் வேகமாகத்தான் போகிறது. ரயிலுக்குப் போய்ச் சேருவதில்தான் உடம்பு நோகும். ஷின்ஜுக்கு நிலையத்துக்கு ஏறக்குறைய இருநூறு வாசல்கள். டோக்கியோ நிலையத்தில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறவே பதினைந்து நிமிடம் நடக்க நேரும். லிஃப்ட் எல்லாப் பெரிய நிலையங்களிலும் இருக்கிறது. ஆனால் அது நடைமேடையின் ஏதோ ஒரு கோடியில் இருக்கும். நீங்கள் இறங்குவது மறு கோடியாக இருக்கும். ஜப்பானில் ஒரு சாதாரண சுற்றுலா நாளில் பதினைந்தாயிரம் அடி நடப்பது சகஜம். முழங்கால் வலியுள்ளவருக்கு இரண்டாம் நாள் மாலையே தெரிந்துவிடும். விடுதி மாறும் ஒவ்வொரு நாளும் மூட்டை கட்டுவது, அறையைக் காலி செய்வது, மூன்று மணிக்குப் புது அறை கிடைக்கும்வரை காத்திருப்பது என்று கரைந்துபோகும். பத்து நாளில் ஐந்து முறை விடுதி மாறினால் நீங்கள் பார்ப்பது ஜப்பானை இல்லை, அதன் ரயில் நிலையங்களை. அவையும் பார்க்கத்தக்கவைதான் என்பது வேறு விஷயம்.

ஜே.ஆர். பாஸ் கணக்கு எளிது. 2023 அக்டோபரில் அதன் விலையை ஏற்றிவிட்டார்கள். முன்பு 29,650 யென்னாக இருந்த ஏழு நாள் பாஸ் 50,000 ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய 14,000 யென். கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா போய் வர 23,000 யென் அளவில் ஆகும். இரண்டையும் கூட்டினாலும் 37,000தான் வருகிறது. போதாக்குறைக்கு, அந்த வழித்தடத்தில் மிக வேகமான நொசொமி ரயிலில் ஏற அந்த பாஸ் மட்டும் போதாது, தனியே கட்டணம் கட்ட வேண்டும். பழைய வலைப்பதிவுகளைப் படித்துவிட்டு, பாஸ் இல்லாமல் ஜப்பானில் கால் வைக்கக் கூடாது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். உங்கள் பயணத்துக்கு அது தேவையில்லை. ஹிரோஷிமாவுக்குப் போவதாக முடிவு செய்தால் மட்டும், மேற்கு ஜப்பான் ரயில் நிறுவனம் விற்கும் கன்சாய்-ஹிரோஷிமா ஐந்து நாள் பாஸைப் பாருங்கள். நான் கடைசியாகப் பார்த்தபோது 17,000 யென். கன்சாய் விமான நிலையம் போகும் ஹருகா ரயில், நாரா, ஒசாகா, ஹிரோஷிமாவுக்குப் பக்கத்துத் தீவான மியாஜிமாவுக்குப் போகும் படகு எல்லாம் அதில் அடங்கும். ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் அந்த பாஸ் ஷின்-ஒசாகா நிலையத்துக்கும் ஹிரோஷிமாவுக்கும் இடையே மட்டும் செல்லும்; கியோட்டோவிலிருந்து ஷின்-ஒசாகா வரை சாதாரண ரயிலில் போய் மாறிக்கொள்ள வேண்டும். வாங்கும் முன் விலையையும் விதியையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இவை மாறிக்கொண்டே இருக்கின்றன.

நகருக்குள் சுற்ற ஆளுக்கொரு ஐ.சி. அட்டை, அதாவது முன்கூட்டியே பணம் போட்டு வாயிலில் தொட்டுச் செல்லும் அட்டை, போதும். டோக்கியோவில் சுய்கா, பாஸ்மோ. கியோட்டோ பக்கம் இகோகா. ஒன்று வாங்கினால் எல்லா ஊரிலும் செல்லும். மகனுக்குப் பாதிக் கட்டண அட்டை உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

பெட்டிகள் விஷயத்தில் ஒரு யோசனை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, டோக்கியோ-கியோட்டோ ஷின்கான்சென்னில் இடத்தோடு சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். தனிக் கட்டணம் இல்லை; பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென் வாங்குவார்கள். அதைவிட, டோக்கியோ விடுதியின் வரவேற்பு மேஜையிலேயே பெட்டிகளைக் கொடுத்து, தக்யுபின் சேவை மூலம் கியோட்டோ விடுதிக்கு அனுப்பிவிடுங்கள். வழக்கமாக மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு நாள் மாற்றுத்துணியை மட்டும் தோள்பையில் வைத்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறலாம். நான் யாருக்கும் தயங்காமல் சொல்லும் செலவு இது ஒன்றுதான். ரயிலில் 'ஈ' வரிசை ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். டோக்கியோவிலிருந்து புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில் வலப்பக்கம் ஃபூஜி மலை தெரியும். தெரியலாம் என்பதே சரி. குளிர்காலத்தில் நம்பிக்கையாகச் சொல்வேன். ஏப்ரலில் பனிமூட்டம் எப்படி இருக்கும் என்பது அன்றைய காலையைப் பொறுத்தது. ஃபூஜிக்காகவே ஹகோனே போய் இரண்டு நாளும் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். அதை நான் அடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

டோக்கியோவில் எங்கே தங்குவது? ஷின்ஜுக்கு, ஷிபுயா என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் உவேனோ அல்லது அசகுசா பக்கம் தங்குங்கள். பெரும்பாலும் சமதரை, நரிதா விமான நிலையத்திலிருந்து கெய்செய் ரயில் நேராக உவேனோ வருகிறது, அறை வாடகையும் ஒப்பிட்டால் குறைவு. முதல் நாள் காலை சென்சோ-ஜி கோயில். ஏப்ரலில் கோயில் மண்டபம் ஆறு மணிக்கே திறந்துவிடும். எட்டு மணிக்குமுன் போனால் சிவப்பு விளக்கு தொங்கும் அந்த வாசலிலிருந்து மண்டபம் வரை அம்மா நிதானமாக நடக்கலாம். பத்து மணிக்குப் போனால் கூட்டத்தோடு நகர வேண்டியதுதான். இன்று நாம் பார்க்கும் மண்டபம் 1958-இல் கட்டியது. பழையது 1945-ஆம் ஆண்டு குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று.

அங்கிருந்து ஆற்றோரமாகப் பத்து நிமிட நடையில் ஒரு சிறு மேட்டின்மேல் மட்சுசியாமா ஷோதென் என்ற கோயில் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை. அங்கே குடியிருக்கும் காங்கிதென் வேறு யாருமில்லை, நம் பிள்ளையார்தான். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்தவர். திருவுருவத்தை யாருக்கும் காட்ட மாட்டார்கள், மூடியே இருக்கும். அவருக்குப் படைப்பது கொழுக்கட்டை இல்லை, முள்ளங்கி. கோயில் வளாகத்திலேயே கை நீளத்துக்கு வெள்ளை முள்ளங்கி விற்கிறார்கள். வாங்கி உள்ளே கொண்டுபோனால் சந்நிதி முன்னால் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பூசை முடிந்த முள்ளங்கிகளைப் பிரசாதமாக எடுத்துப்போகச் சொல்லி வெளியே வைப்பதும் உண்டு. படிக்கட்டிலும் விளக்குகளிலும் இரட்டை முள்ளங்கிச் சின்னமும் பணப்பைச் சின்னமும் செதுக்கியிருக்கும். மகனிடம் எத்தனை இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்காக மேட்டின்மேல் ஏற்றிவிட ஒரு சின்னஞ்சிறு தண்டவாளப் பெட்டி வண்டி வைத்திருக்கிறார்கள். நான் கூட்டிப்போன பெரியவர்கள் டோக்கியோவில் வானுயர்ந்த கோபுரங்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு இதை மட்டும் ஊரில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் உவேனோ பூங்கா. ஏரி நடுவே இருக்கும் பெந்தென் கோயில் சரஸ்வதியுடையது. வீணைக்குப் பதில் பிவா என்ற ஜப்பானிய நரம்பிசைக் கருவி. பூங்காவிலேயே உயிரியல் பூங்காவும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகமும் இருப்பதால் மகனுக்குப் பொழுது போகும். அவனிடம் ஒரு கதையும் சொல்லலாம். போர்க்காலத்தில் 1943-இல் இங்கிருந்த யானைகளைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டார்கள். போர் முடிந்தபின் டோக்கியோ பிள்ளைகள் யானை கேட்டு நேருவுக்குக் கடிதம் எழுத, 1949-இல் அவர் தம் மகளின் பெயரையே சூட்டி இந்திரா என்ற யானையை அனுப்பினார். அது 1983 வரை இங்கே வாழ்ந்தது. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். நாளைப் பார்த்துப் போங்கள்.

மற்றவற்றைச் சுருக்கிக்கொள்கிறேன். மெய்ஜி ஆலயம் ஊருக்கு நடுவே ஒரு காடு. 1920-இல் ஆலயம் எழுந்தபோது நாடெங்கிலுமிருந்து வந்த சுமார் ஒரு லட்சம் மரங்களை நட்டு வளர்த்தது. சரளைக்கல் பாதை அம்மாவுக்குக் கொஞ்சம் சிரமம். உயரத்திலிருந்து நகரைப் பார்க்க ஸ்கைட்ரீ கோபுரத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். ஷின்ஜுக்குவில் டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் 45-ஆம் மாடிக்கு, 202 மீட்டர் உயரத்துக்கு, லிஃப்டில் இலவசமாகவே போகலாம். நாற்புறமும் ஒரே நேரத்தில் மக்கள் சாலையைக் கடக்கும் ஷிபுயா சந்திப்பைக் கால் மணி நேரம் பார்த்தால் போதும். மகனை ஒடாய்பாவுக்குப் போகும் யுரிகமொமே ரயிலில் முன்பெட்டியில் உட்கார வையுங்கள். ஓட்டுநர் இல்லாத ரயில் என்பதால் முன்கண்ணாடி முழுக்க அவனுடையது. நான்காம் நாள் வெளியூர் ஒன்று வேண்டுமென்றால் நிக்கோவைவிடக் கமாகுரா மேல்: பக்கம், படிக்கட்டு குறைவு, திறந்தவெளியில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டு வெண்கல புத்தர்.

கியோட்டோவில் விடுதியை நிலையத்தின் பக்கத்திலேயே எடுங்கள். அழகான பழைய வீதியில் தங்கும் ஆசையை இந்த முறை விட்டுவிடுங்கள். அந்த ஊரின் பெரிய தொல்லை நகரப் பேருந்து. ஏப்ரலில் பேருந்துகள் நிரம்பி வழியும். அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே ரயிலில் போகக்கூடிய இடங்களை ரயிலில் முடித்துவிட்டு, மற்றவற்றுக்கு டாக்சி பிடியுங்கள். நான்கு பேர் சேர்ந்து போகும்போது குறுகிய தூரத்துக்கு டாக்சி அப்படியொன்றும் ஊதாரித்தனம் இல்லை. பின்கதவை நீங்கள் திறக்க வேண்டாம், தானே திறக்கும். கைச்சில்லறை இனாமும் கொடுக்க வேண்டாம், வாங்க மாட்டார்கள்.

ஃபுஷிமி இனாரி கோயிலுக்குக் கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தம். இறங்கினால் எதிரே கோயில் வாசல். இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. ஆறரை, ஏழு மணிக்குப் போங்கள். படங்களில் பார்க்கும் நெருக்கமான சிவப்பு வளைவுகள் அடிவாரத்திலேயே தொடங்கிவிடுகின்றன. அம்மா அதுவரை வந்தால் போதும். 233 மீட்டர் மலையுச்சிவரை ஏறுவது உங்களுக்கும் மகனுக்கும். கியோமிசு கோயிலுக்குக் கடைசிப் பகுதி செங்குத்தான கடைத்தெரு. டாக்சி ஓரளவுக்குத்தான் போகும். அம்மாவுக்கு அன்று முடியவில்லை என்றால் இதை விட்டுவிட்டுச் சான்ஜூசான்கென்தோவுக்குப் போய்விடுங்கள் என்பேன்.

இந்தப் பெயரைப் பட்டியல்களில் அடியில்தான் போடுவார்கள். என் கணக்கில் கியோட்டோவில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதுதான். 1266-இல் திரும்பக் கட்டிய, ஏறக்குறைய 120 மீட்டர் நீளமுள்ள மர மண்டபம். உள்ளே ஆயிரத்தொரு கன்னோன் சிலைகள், அதாவது அவலோகிதேசுவரர். படிப்படியாக வரிசை கட்டி நிற்கின்றன. நடுவில் அமர்ந்திருக்கும் பெரிய சிலையைத் தன் எண்பதாம் வயதைக் கடந்தபின் செதுக்கியவர் தான்கெய் என்ற சிற்பி. ஆனால் நம் ஊர்க்காரர்கள் நின்று பார்க்க வேண்டியது முன்வரிசையில் நிற்கும் இருபத்தெட்டுக் காவல் தெய்வங்களை. இந்திரன், பிரம்மா, சரஸ்வதி, கருடன், அசுரன், நாகராஜா என்று எல்லோரும் நம்மிடமிருந்து போனவர்கள். ஜப்பானிய முகத்தோடும் கவசத்தோடும் நிற்கிறார்கள். கருடன் அலகோடு குழல் ஊதிக்கொண்டிருக்கிறான். கண்கள் படிகக்கல் என்பதால் நாம் நகர நகரப் பார்வை தொடர்வதுபோல இருக்கும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. அதனாலேயே எல்லோரும் உண்மையில் பார்க்கிறார்கள். ஏற வேண்டிய படிகள் பெயரளவுக்குத்தான். ருசி கண்டுவிட்டால் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் தோ-ஜி கோயிலுக்கும் போங்கள். அங்கே விரிவுரை மண்டபத்தில் அன்னங்கள் தாங்கும் நான்முகனும் யானைமேல் இந்திரனும் இருக்கிறார்கள்.

கின்காகு-ஜி என்னும் பொற்கோயிலைக் கூட்டத்தோடு கூட்டமாக முக்கால் மணியில் பார்த்துவிடலாம். 1950-இல் ஓர் இளந்துறவி எரித்துவிட்டார். இப்போதிருப்பது 1955-இல் கட்டியது. அரஷியாமா மூங்கில் தோப்பைப் படத்தில் பார்த்து மயங்காதீர்கள், சில நூறு மீட்டர் நீளமுள்ள பாதைதான் அது. பக்கத்திலுள்ள தென்ரியு-ஜியின் தோட்டத்துக்காகப் போகலாம். கியோன் பகுதியில் கெய்ஷா என்னும் பாரம்பரியக் கலைப் பெண்களைத் துரத்திப் படமெடுத்த சுற்றுலாப் பயணிகளால் 2024 முதல் அங்குள்ள தனியார் சந்துகளில் வெளியார் நுழையத் தடை. மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பெரிய வீதியில் நடப்பதற்குத் தடை இல்லை.

நாராவுக்குக் கின்டெட்சு ரயிலில் போனால் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். மேலே சொன்ன கன்சாய்-ஹிரோஷிமா பாஸ் வைத்திருந்தால் ஜே.ஆர். நிலையத்திலிருந்து பேருந்து. மான்களுக்கு அங்கே விற்கும் பிஸ்கட்டை மட்டும் கொடுங்கள். பிஸ்கட்டைக் காட்டிக் காட்டி இழுத்தால் மான் கடிக்கும், முட்டும், மகனை எச்சரித்துவிடுங்கள். தோதாய்-ஜியின் பெரும் புத்தருக்கு 752-இல் கண்திறப்புச் சடங்கை நடத்தி வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அது வரலாறு. அவர் நம் மதுரைக்காரர் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை நான் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன்.

ஒசாகாவுக்கு ஒரு மாலை போதும். ஒசாகாக்காரர்கள் இதைக் கேட்டால் என்னை வீட்டுக்குள் விட மாட்டார்கள். ஆனால் அந்த ஊரின் பெருமை சாப்பாடு. அதில் பெரும்பகுதி மீனும் மாவும் ஆக்டோபஸும். கோட்டை வெளியிலிருந்து கம்பீரம். உள்ளே 1931-இல் கட்டிய கான்கிரீட், லிஃப்ட் வைத்த அருங்காட்சியகம். அசல் கோட்டை பார்க்கும் ஆசை இருந்தால் ஹிமேஜி ஊர்க் கோட்டைதான். ஆனால் அதன் மரப்படிகள் அம்மாவுக்கு ஆகாது. தோதொன்போரி கால்வாய்க்கரை விளக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். நகரும் படிக்கட்டில் டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம்.

ஹிரோஷிமாவை நீங்கள் பட்டியலில் கடைசியாக, கேள்விக்குறியோடு போட்டிருக்கிறீர்கள். 9 வயதுப் பையனைக் கூட்டிப்போகலாமா என்பதில் என் பதில் உறுதியானதில்லை. பிள்ளையைத் தெரிந்தவர் நீங்கள். அமைதி நினைவு அருங்காட்சியகத்தின் முக்கியக் கட்டடத்தில் கருகிய பள்ளிச் சீருடைகளும், மூன்று வயதுக் குழந்தை ஓட்டிக்கொண்டிருந்த மூன்று சக்கர வண்டியும் இருக்கின்றன. பெரியவர்களே பேசாமல்தான் வெளியே வருவார்கள். பயந்த சுபாவமுள்ள பிள்ளையாக இருந்தால் ஒருவர் வெளியே அவனோடு பூங்காவில் இருக்கலாம். அங்கே சடாகோ என்ற சிறுமியின் நினைவாக 1958-இல் எழுப்பிய பிள்ளைகளுக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது; குண்டு விழுந்தபோது இரண்டு வயது, பன்னிரண்டாம் வயதில் ரத்தப்புற்றில் இறந்தாள். காகிதக் கொக்கு மடிக்க மகனுக்கு இப்போதே கற்றுக்கொடுங்கள். தான் மடித்ததை அவனே அங்கே வைக்கலாம். பூங்காவுக்கு டிராமில் போங்கள். குண்டுவீச்சில் அடிபட்டுச் சீர்செய்த 651, 652 எண் வண்டிகள் இன்னமும் ஓட்டத்தில் இருக்கின்றன. பிற்பகலில் மியாஜிமா போவதாக இருந்தால் கடல் ஏற்றவற்ற நேரத்தை முன்பே பாருங்கள். ஏற்றத்தின்போதுதான் அந்தத் தீவுக் கோயிலின் சிவப்பு வாசல் தண்ணீரில் நிற்கும். வற்றத்தில் சேற்றில் நடந்து அதன் காலடிக்கே போகலாம். ஒரே நாளில் இரண்டும் முடியும்; ஆனால் நீண்ட நாள். அம்மா கியோட்டோவில் ஓய்வெடுத்தால் நல்லது.

இனி சாப்பாடு. உங்கள் பயணத்தில் உண்மையான சவால் இதுதான். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் சாறு. அதை, உலர்த்திச் சீவிய கட்சுவோ மீனும் கொம்பு என்ற கடற்பாசியும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். உடோன் நூடுல்ஸ், மிசோ சூப், வேகவைத்த காய்கறி, டோஃபுவின் மேல் ஊற்றும் குழம்பு எல்லாவற்றிலும் அது இருக்கும். சைவம் என்று சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டுப் புன்சிரிப்போடு அதே சாற்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, சாற்றை அவர்கள் மீனாக நினைப்பதில்லை. ஆகவே, 'நிகு மோ சகானா மோ தமாகோ மோ தாபெமாசென். கட்சுவோ நோ தாஷி மோ தமே தெசு' என்பதை ஜப்பானிய எழுத்தில் அச்சிட்டு அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள். இறைச்சி, மீன், முட்டை சாப்பிடுவதில்லை, கட்சுவோ சாறும் ஆகாது என்று பொருள். பொட்டலங்களில் ஒவ்வாமைக் குறிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். முட்டை, பால், இறால், நண்டு கட்டாயம் போட வேண்டும். மீன்சாறு அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை.

கவலையில்லாமல் சாப்பிடக் கூடியது பௌத்த மடங்களின் ஷோஜின் உணவு. பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்காத சைவம். தென்ரியு-ஜி வளாகத்திலேயே அப்படி ஒரு உணவகம் உண்டு, மதியம் மட்டும். டோக்கியோ நிலையத்தின் டிக்கெட் வாயிலுக்குள் இறைச்சி, மீன் எதுவும் சேர்க்காத ராமென் நூடுல்ஸ் கடை ஒன்று இருக்கிறது. போகும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஜப்பானில் சிறு உணவகங்கள் சொல்லாமல் மூடிவிடும். இந்திய உணவகம் எல்லா ஊரிலும் இருக்கும். பெரும்பாலும் நான் ரொட்டியும் வெண்ணெய்க் குழம்பும்தான். தோசை வேண்டுமென்றால் டோக்கியோவில் இந்தியக் குடும்பங்கள் நிறைந்த நிஷி-கசாய் பக்கம் தேடுங்கள்.

ஆனால் தினமும் தேடி அலைவது நடக்கிற காரியமில்லை. என் உபாயம் தயிர்சாதம். எந்த பல்பொருள் அங்காடியிலும் மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் தயாராகும் சோற்றுக் கிண்ணம் கிடைக்கும். சர்க்கரை சேர்க்காத தயிர் பெரிய டப்பாவில் கிடைக்கும். அந்த அரிசி இயல்பிலேயே குழைவானது. பிசைவதற்கென்றே விளைந்ததுபோல இருக்கும். ஊறுகாயும் பருப்புப்பொடியும் நீங்கள் கொண்டுபோங்கள். மைக்ரோவேவ் உள்ள அறையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். பல விடுதிகளில் நடைவழியில் பொதுவாக ஒன்று வைத்திருப்பார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

செர்ரிப் பூவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஏப்ரல் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். டோக்கியோவில் வழக்கமாக மார்ச் கடைசியில் முழுமையாகப் பூத்துவிடும். கியோட்டோவில் சில நாள் தள்ளி. முழுப்பூ ஒரு வாரம் நிற்கும். ஒரு மழை பெய்தால் அதுவும் இல்லை. டோக்கியோவில் நீங்கள் பார்க்கப்போவது உதிரும் பூவாக இருக்கலாம், கியோட்டோவில் முழுப்பூ கிடைக்க வாய்ப்பு அதிகம். யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஏப்ரல் கடைசியில் தொடங்கும் பொன் வார விடுமுறைக்குள் மட்டும் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நாடே ரயிலில் இருக்கும்.

அம்மாவின் மருந்துகளைச் சீட்டோடு எடுத்துச்செல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவென்றால் முன்அனுமதி வேண்டும். உங்களுக்குப் பத்து நாள்தான் என்பதால் சிக்கல் இருக்காது. ஆனால் சளிக்காக வீட்டில் வைத்திருக்கும் மாத்திரைகளைப் பாருங்கள். சூடோஎபெட்ரின் என்ற மருந்துப்பொருள் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானில் தடை. வலி மாத்திரைகளில் கோடீன் கலந்தவையும் வில்லங்கம். சந்தேகமிருந்தால் சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத்தூதரகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

காலணி, கழற்றி மாட்ட எளிதானதாக இருக்கட்டும். கோயில் மண்டபங்களில் ஒரு நாளைக்குப் பலமுறை கழற்ற நேரும். வீதியில் குப்பைத்தொட்டி அரிது, ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, ஊரிலிருந்து மின்சார அரிசிக் குக்கரைக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் அதில் ஐந்தில் ஒரு பங்குத் திறனில்தான் சுடும். காலையில் போட்ட அரிசி மதியத்துக்கும் வேகாது. செல்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் வேலை செய்யும். தட்டையான இரட்டை முள் செருகி மட்டும் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.